10 பேர் எழுதிய தேர்வும் 54 பேர் படிக்கும் பள்ளியும்

கேள்வி சுருக்கமாக இது: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மாற்றுத் தொடக்கப் பள்ளி, அதாவது வழக்கமான பாடமுறையை விட்டு வேறு முறையில் கற்பிக்கும் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் 70 பிள்ளைகள் படித்தார்கள், இப்போது 54 பேர். ஐந்தாம் வகுப்பில் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக நடக்கும் தேர்வில் போன ஆண்டு 82 சதவீதம் பேர் வகுப்புக்குரிய நிலையை எட்டினார்கள், இந்த ஆண்டு 60 சதவீதம்தான். பள்ளி சரிந்துகொண்டு போகிறதா? ஆறு வயது மகளை அங்கே சேர்க்கலாமா?

இந்த நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சரிகிறது என்றும் சொல்ல முடியாது, சரியவில்லை என்றும் சொல்ல முடியாது. எண்களே வேண்டாம், போய்ப் பார்த்தால் மனதுக்குத் தெரிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எண்கள் உதவும், ஆனால் உங்கள் கையில் இருப்பவை வேறு எண்கள். சேர்க்கையையும் தேர்ச்சியையும் தனித்தனியாகப் பார்ப்பதும் சரியாக வராது. சின்னப் பள்ளியில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதுதான் தேர்ச்சி சதவீதத்தின் பெரும்பகுதியை எழுதுகிறது.

முதலில் அந்த 82-ஐயும் 60-ஐயும் பிரித்துப் பார்ப்போம். ஐந்து வகுப்புகளில் 54 பேர் என்றால் ஒரு வகுப்பில் பத்துப் பதினொரு பேர். அப்படியானால் 82 சதவீதம் என்பது 11 பேரில் 9 பேர். 60 சதவீதம் என்பது 10 பேரில் 6 பேர். ஆக, 22 புள்ளி வீழ்ச்சி என்று தெரிவது உண்மையில் மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல், இன்னொரு பிள்ளை இந்த ஆண்டுதான் வந்து சேர்ந்தது, மூன்றாவது பிள்ளை எல்லைக்கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் கீழே. கதை முடிந்தது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பள்ளியின் கற்பித்தல் இரண்டு ஆண்டும் துளிகூட மாறவில்லை, ஒவ்வொரு பிள்ளையும் நிலையை எட்டுவதற்கு 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 பேர் எழுதினால் 9 பேரோ அதற்கு மேலோ எட்டுவதற்கு ஏறத்தாழ 31 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 10 பேர் எழுதினால் 6 பேரோ அதற்குக் கீழோ எட்டுவதற்கு 35 சதவீத வாய்ப்பு. இரண்டுமே மூன்றில் ஒன்று என்ற கணக்கில் வரும் சாதாரண நிகழ்வுகள். ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர்கள், ஒரே தரம், ஆனாலும் ஓர் ஆண்டு 82, அடுத்த ஆண்டு 60. பத்துப் பேர் வகுப்பில் இந்த ஊசலாட்டத்தின் அளவு, அதாவது திட்ட விலக்கம், 14 அல்லது 15 புள்ளி. நூறு பேர் எழுதும் பள்ளியில் அதுவே நாலரைப் புள்ளிதான். பெரிய பள்ளி ஒன்றில் 22 புள்ளி இறங்கினால் நான் கவலைப்படுவேன். இங்கே அது ஒரு செய்தியே இல்லை. (போன ஆண்டின் 82-ஐக் காட்டி அந்தப் பள்ளி பெருமைப்பட்டிருந்தால் அதுவும் இதே அளவுக்குத்தான் பொருளுள்ளது. ஏறும்போது கொண்டாடிவிட்டு இறங்கும்போது புள்ளியியல் பேசுவது நியாயமில்லை.)

இந்த விஷயத்தில் பெரிய இடங்களே இடறியிருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1,662 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்களை ஹோவர்ட் வெய்னர், ஹாரிஸ் ஸ்வெர்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். முதல் 50 இடங்களில் 6 பள்ளிகள், மாநிலத்திலேயே மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. இயல்பாக ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். அப்படியானால் சிறிய பள்ளிதான் சிறந்தது என்று தோன்றும் இல்லையா? கடைசி 50 இடங்களையும் பார்த்தார்கள். அங்கே அந்தச் சிறிய பள்ளிகள் 9. சிறியவை உச்சியிலும் இருக்கும், அடியிலும் இருக்கும், ஏனென்றால் அவற்றின் சராசரி அதிகம் ஆடும். பட்டியலின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புலப்படவில்லை. கேட்ஸ் அறக்கட்டளை 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளைச் சிறிதாக்கும் திட்டத்தில் பெரும்பணத்தைக் கொட்டியது. அப்படிப் பணம் பெற்ற பள்ளிகளில் பலவும் கற்றலில் சொல்லும்படியான முன்னேற்றம் காட்டவில்லை என்று 2009-இல் பில் கேட்ஸே தன் ஆண்டுக் கடிதத்தில் எழுதினார். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நியூயார்க்கில் குலுக்கல் முறையில் சிறிய உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போனவர்கள், இடம் கிடைக்காதவர்களைவிடக் கூடுதலாகப் படிப்பை முடித்தார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. சிறிதாக இருப்பது உதவலாம், உதவாமலும் போகலாம். பள்ளி சிறிதாக இருப்பதும் வகுப்பு சிறிதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1985-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய புகழ்பெற்ற சோதனையில் பலன் தெரிந்தது 22 முதல் 25 பேர் வகுப்பை 13 முதல் 17 பேராகக் குறைத்ததால். உங்கள் பள்ளியில் வகுப்பு ஏற்கெனவே அதைவிடச் சிறியது, அது ஒரு நல்ல அம்சம்தான்.

அப்புறம், 60 சதவீதம் என்பது எத்தனை பேரால் வகுத்துப் போட்ட கணக்கு என்று கேட்டீர்களா? மாற்றுப் பள்ளிகளில் இது முக்கியமான கேள்வி. அந்தப் பெற்றோரில் சிலர் பொதுத்தேர்வையே ஏற்காதவர்கள், அன்று பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். எழுதாத பிள்ளையை என்ன செய்வது என்பது விதிக்கு விதி மாறும். உதாரணமாக அமெரிக்காவில் 2015-இல் வந்த கூட்டரசுக் கல்விச் சட்டம், குறைந்தது 95 சதவீத மாணவர்களையாவது வகுக்கும் எண்ணில் சேர்க்கச் சொல்கிறது. எழுதியவர்கள் அந்த 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், குறைகிறவர்கள் நிலையை எட்டாதவர்கள் கணக்கில்தான் போவார்கள். பத்துப் பேரில் மூன்று பேர் எழுதாமல், எழுதிய ஏழு பேரில் ஆறு பேர் நன்றாகச் செய்திருந்தாலும் அப்படிப்பட்ட கணக்கில் 60-ஐ ஒட்டித்தான் வரும். எழுதியவர்களை மட்டும் எண்ணினால் அதே வகுப்பு 86. ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, வகுப்பில் எத்தனை பேர், எழுதியவர்கள் எத்தனை பேர், எட்டியவர்கள் எத்தனை பேர் என்று மூன்று முழு எண்களாகக் கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கும் கேட்டு, மூன்றையும் தனித்தனியே கூட்டுங்கள். 50, 55 பேர் சேர்ந்தால் ஊசலாட்டம் ஆறேழு புள்ளிக்கு இறங்கிவிடும், அப்போது எண் கொஞ்சம் பேசத் தொடங்கும்.

ஆனால் அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: அந்தப் பத்துப் பேர் யார்?

சேர்க்கையும் தேர்ச்சியும் பின்னிக்கொள்ளும் இடம் இதுதான். மாற்றுப் பள்ளிக்குப் பிள்ளைகள் இரண்டு வழிகளில் வருகிறார்கள். முதலாவது, அந்தக் கல்விமுறையை விரும்பித் தேடி வரும் பெற்றோர். பெரும்பாலும் படித்தவர்கள், வீட்டில் புத்தகம் இருக்கும், பிள்ளையோடு உட்காரும் நேரம் இருக்கும். இவர்களின் பிள்ளைகள் எங்கே போனாலும் ஓரளவு நன்றாகத்தான் செய்வார்கள், அதைப் பள்ளியின் கணக்கில் எழுத முடியாது. இரண்டாவது வழி, வேறு பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டு திணறி, அங்கே மனம் உடைந்து, மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இங்கே வருபவர்கள். வாசிப்புச் சிரமம், கவனச் சிதறல், பதற்றம், கேலிக்கு ஆளானது என்று ஏதோ ஒன்று இருக்கும். ஐந்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பத்துப் பேரில் நான்கு பேர் இப்படிக் கடைசி இரண்டு ஆண்டில் வந்தவர்கள் என்றால், 60 சதவீதம் அந்தப் பள்ளியின் தோல்வியைச் சொல்கிறதா, முந்தைய பள்ளிகளின் தோல்வியைச் சொல்கிறதா?

போகும் வழியும் உண்டு. பெற்றோர் ஒன்றாம் வகுப்பில் துணிச்சலாகச் சேர்ப்பார்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போது உறவினர் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டதும் பயம் வந்துவிடும். அடுத்த பள்ளியில் இடம் கிடைக்காதோ என்ற கவலையும் சேரும். நான் பார்த்தவரை இந்தக் கட்டத்தில் முதலில் வெளியேறுபவர்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான், ஏனென்றால் அவர்களுக்கு வேறு இடம் எளிதில் கிடைக்கும். பள்ளி வளர்த்துவிட்ட பிள்ளை வேறு பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் போய்ச் சேரும். இங்கே வந்து சேர்ந்த சிரமப்படும் பிள்ளை இந்தப் பள்ளிக் கணக்கில் வரும். ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டிய எண் தேர்ச்சி சதவீதம் அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கே படித்து ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் எட்டினார்கள், இடையில் வந்தவர்கள் வரும்போது எங்கே இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரிய பள்ளியில் இதற்குப் பதில் சொல்ல ஒரு அலுவலகமே வேண்டும். 54 பேர் பள்ளியில் தலைமை ஆசிரியர் பெயர் சொல்லாமல் வாய்மொழியாகவே சொல்லிவிட முடியும். சொல்ல முடியாவிட்டால் எனக்கு அந்த 60-ஐவிட அதுதான் உறுத்தும்.

சரி, 70 எப்படி 54 ஆனது? சின்னப் பள்ளியில் சேர்க்கை எண்ணிக்கை பழைய செய்தியைத்தான் சொல்லும். ஒரே ஓர் ஆண்டு ஒன்றாம் வகுப்பில் 14 பேருக்குப் பதில் 6 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். அந்த 8 பேர் இல்லாத பள்ளம் அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் இருக்கும், பிறகு மூன்றாம் வகுப்பில். அந்த அணி ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியே போகும்வரை மொத்தத்தில் 8 குறைந்தே தெரியும். அப்படி இரண்டு மெலிந்த ஆண்டுகள் இருந்தால் 70-இலிருந்து 54-க்கு வந்துவிடலாம், ஒரு பிள்ளைகூட நடுவில் விலகியிருக்கத் தேவையில்லை. பிறப்பு விகிதம் குறைந்தது, பக்கத்தில் புதிய பள்ளி திறந்தது, கட்டடத்தை மாற்றினார்கள் என்று அந்த இரண்டு ஆண்டுக்கும் எளிய காரணம் இருக்கலாம். மாறாக ஒவ்வோர் ஆண்டும் 14 பேர் சேர்ந்து, நான்காம் வகுப்புக்குள் பாதிப் பேர் விலகியும் இதே 54 வரலாம். மொத்தம் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது பள்ளியில் என் பிள்ளையைச் சேர்க்கும் முன் விலகிய பெற்றோரில் இரண்டு பேரிடமாவது பேசுவேன். ஆகவே வகுப்புவாரியாக ஐந்து ஆண்டு எண்ணிக்கையை ஒரு தாளில் வாங்கி, குறுக்குக்கோடாகப் படியுங்கள்: அந்த ஆண்டின் ஒன்று, அடுத்த ஆண்டின் இரண்டு, அதற்கடுத்த ஆண்டின் மூன்று. எந்தப் படியில் எண் உடைகிறதோ அங்கே கேள்வி இருக்கிறது.

எண்ணிக்கை சரிவதற்குக் கற்பித்தல் காரணமாக இருக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் 1834-இல் பிரான்சன் ஆல்காட் என்ற ஆசிரியர் சுமார் 30 பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். அடி உதை இல்லை, கேள்வி கேட்டு உரையாடித்தான் பாடம். பைபிளின் நற்செய்தி நூல்களைப் பற்றிப் பிள்ளைகளோடு நடத்திய உரையாடல்களை அவர் அச்சிட்டதும் ஊரே கொதித்தது. 1837-இல் பத்துப் பேர் அளவுக்குக் குறைந்தது. பிறகு சிறிய அளவில் மறுபடி நடத்தியபோது ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். விலக்கச் சொன்ன பெற்றோருக்கு அவர் இணங்கவில்லை, 1839-இல் பள்ளியே மூடப்பட்டது. அந்தச் சேர்க்கை எண்ணை மட்டும் பார்த்துப் பள்ளி மோசம் என்று ஒருவர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதியும் கல்வியாளருமான ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் 16 பிள்ளைகளோடு தொடங்கிய சோதனைப் பள்ளி 1902-க்குள் 140 ஆக வளர்ந்தது. அவ்வளவு வளர்ந்தும் இரண்டு ஆண்டில் பல்கலைக்கழக நிர்வாகத்தோடு பிணக்கு ஏற்பட்டு டூயி விலகிவிட்டார்.

பணக்கணக்கைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கட்டணத்தில் ஓடும் பள்ளி என்றால் 54 பேரில் ஒரு பிள்ளை விலகுவது வருமானத்தில் ஏறத்தாழ 2 சதவீதம். ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளோடு ஊர் மாறினால் ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். அப்போதுதான் இரண்டு வகுப்பைச் சேர்த்து ஒரே அறையில் வைப்பார்கள். அது கல்விமுறையின் பகுதியா, சம்பளச் சிக்கலின் விளைவா என்று நேராகக் கேட்கலாம். மாண்டிசோரி முறையில் (பிள்ளைகள் தாங்களே பொருள்களைக் கையாண்டு கற்கும் முறை) மூன்று வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பது திட்டமிட்ட ஏற்பாடு, ஆசிரியருக்கு அதற்கான பயிற்சியும் உண்டு. ஆசிரியர் விலகியதால் திடீரென்று சேர்த்துவைத்த அறை அப்படியல்ல. சொல்லப்போனால் ஐந்து ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஓர் ஆசிரியர் மாறினால் பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிட்டது. உங்கள் மகள் எந்த முறையில் படிக்கிறாள் என்பதைவிட அடுத்த மூன்று ஆண்டு யாரிடம் படிக்கப்போகிறாள் என்பது பெரிய விஷயம். அந்த ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மாற்று முறைகள் படிப்பைக் கெடுத்துவிடுமா என்ற பயத்துக்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. விரும்பித் தேடி வரும் பெற்றோரின் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைத் தவிர்க்கத்தான் குலுக்கல் ஆய்வுகள். எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள், இடம் கிடைப்பதைக் குலுக்கல் முடிவுசெய்கிறது, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஆஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-க்வெஸ்டும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்டது. மாண்டிசோரியில் 59 பேர், மற்றப் பள்ளிகளில் 53 பேர். ஐந்து வயதில் மாண்டிசோரிப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் இருந்தார்கள். 12 வயதில் பாட மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை, ஆனால் அவர்கள் எழுதிய கதைகள் மேலாக இருந்தன. 2025-இல் வந்த பெரிய ஆய்வு 24 பொது மாண்டிசோரித் திட்டங்களுக்கு விண்ணப்பித்த 588 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டின் முடிவில் வாசிப்பிலும் நினைவாற்றலிலும் இடம் கிடைத்தவர்கள் முன்னே நின்றார்கள். இரண்டுமே மாண்டிசோரி முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்த, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உள்ள பள்ளிகளைப் பற்றியவை. பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று எழுதிவிட்டால் இந்த முடிவுகளுக்கு உரிமை கொண்டாட முடியாது.

ஸ்டைனர் வழிப் பள்ளி (ருடால்ஃப் ஸ்டைனர் வகுத்த முறை, வால்டார்ஃப் என்றும் சொல்வார்கள்) என்றால் கதை வேறு. அங்கே முறையாக வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே ஏழு வயதில்தான். எட்டு வயதில் தேர்வு வைத்தால் பின்தங்கித்தான் தெரிவார்கள். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதில் தொடங்கியவர்களை ஏழு வயதில் தொடங்கியவர்கள் 11 வயதுவாக்கில் எட்டிப்பிடித்துவிட்டார்கள். ஆகவே எந்த வயதில் அளக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். உங்கள் பள்ளியில் அளப்பது ஐந்தாம் வகுப்பில், பத்து வயதில். இடைவெளி அநேகமாகச் சுருங்கியிருக்க வேண்டிய வயது அது.

இங்கேதான் எனக்கு மாற்றுப் பள்ளிகளோடு ஒரு சண்டை இருக்கிறது. "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம்" என்பது உண்மைதான், ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் பதிலாகச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. பாடம் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியும் ஒரு பிள்ளையால் பழக்கமில்லாத சின்னச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியவில்லை என்றால் அது வேகம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு போன்ற ஒன்றாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் உதவி பலிக்கும். பெரிய பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளை கூட்டத்தில் தொலைந்துபோகும். சின்ன மாற்றுப் பள்ளியில் எல்லோர் கண்ணிலும் படும், ஆனால் அன்பான விளக்கத்துக்குள் தொலைந்துபோகும். பள்ளிக்குப் போகும்போது, வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள், யார் செய்வார்கள், எப்போது தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். ஆள், நேரம், முறை மூன்றும் உள்ள பதில் வந்தால் நல்லது. தத்துவம் மட்டும் வந்தால் யோசியுங்கள். கணக்கிலும் இப்படித்தான். பொருள்களை வைத்துப் புரியவைப்பதில் இந்தப் பள்ளிகள் கெட்டி, கூட்டல் பெருக்கல் தயங்காமல் வரும் அளவுக்குப் பயிற்சி கொடுப்பதில் சில இடங்களில் அசட்டை.

தேர்வு முடிவைவிட நான் மதிக்கும் சான்று இரண்டு. ஒன்று, ஒரே பிள்ளையின் எழுத்து: இரண்டு ஆண்டுக்கு முந்தைய நோட்டும் இப்போதைய நோட்டும், பெயரை மறைத்து. பள்ளி பொறுக்கிக் கொடுக்கும் நோட்டு வேண்டாம், நடுத்தரமான மூன்று பேருடையதைக் கேளுங்கள். இன்னொன்று, முடித்துப் போனவர்கள். அமெரிக்காவில் 1930-களில் நடந்த எட்டாண்டு ஆய்வு இதைத்தான் செய்தது. வழக்கமான பாடமுறையை விட்டு விலகிய ஏறத்தாழ 30 முற்போக்கு உயர்நிலைப் பள்ளிகளில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்களை, பின்னணி ஒத்த வழக்கமான பள்ளி மாணவர்களோடு 1,475 இணைகளாகச் சேர்த்து ஒப்பிட்டார்கள். மதிப்பெண்ணில் சற்றே மேல், மற்ற பல வகைகளிலும் குறையில்லை, வழக்கத்திலிருந்து மிகவும் விலகிய பள்ளிகளின் மாணவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள். உங்கள் பள்ளியில் ஆண்டுக்குப் பத்துப் பேர் என்றால் மூன்று ஆண்டில் முப்பது குடும்பம். நான்கைந்து பேரைப் பிடித்து, அடுத்த பள்ளியில் முதல் ஆண்டு எப்படிப் போனது என்று கேட்டால் போதும். முதல் சில மாதம் தேர்வு எழுதும் பழக்கத்துக்குத் திணறினான், பிறகு சரியாகிவிட்டது என்ற பதில் அடிக்கடி வரும், அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆண்டு முழுக்கத் தனிப் பயிற்சி வைக்க வேண்டியிருந்தது என்று மூன்று பேர் சொன்னால் கவனியுங்கள்.

உங்கள் மகளுக்கு ஆறு வயது என்பதால் அவசரம் இல்லை. மேலே சொன்ன வகுப்புவாரித் தாளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை கடைசி இரண்டு ஆண்டில் 10-க்கு மேல் நிற்கிறது, விலகல் ஒரு படியில் குவியவில்லை, ஆசிரியர்கள் நிலைத்திருக்கிறார்கள் என்றால் அந்த 60-ஐ ஒதுக்கிவிட்டுச் சேர்ப்பேன். ஒன்றாம் வகுப்பிலேயே ஐந்தாறு பேர்தான் என்றால் கற்பித்தல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்னும் மூன்று ஆண்டு பள்ளி தாங்குமா என்று வரவு செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பேன். அத்தனை சிறிய வகுப்பில் அவளுக்குத் தோழிகள் கிடைப்பார்களா என்பதும் ஒரு கேள்வி, ஒருத்தியோடு சண்டை வந்தால் போய் உட்கார வேறு இடம் இருக்காது.

சேர்த்துவிட்டால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அவளுடைய மதிப்பீட்டுக் குறிப்பு, வருகைப் பதிவு, எழுதிய நோட்டுகளில் சில ஆகியவற்றின் நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். மாற்றுப் பள்ளிகளில் மதிப்பெண் பட்டியல் பெரும்பாலும் இருக்காது, ஆசிரியர் எழுதிய விவரிப்புதான் இருக்கும். அந்த ஆசிரியர் விலகினாலோ பள்ளி மூடினாலோ அடுத்த பள்ளியில் காட்டுவதற்கு வேறு எதுவும் கையில் இருக்காது.